உலையிலிருந்து கணினித் திரை வரை: தரவுப் பதிவு அமைப்பை எந்த வரிசையில் கட்டுவது

தரவுப் பதிவு வேலைக்கு, அதாவது சென்சார்களின் அளவைக் கணினியில் தொடர்ந்து பதியும் வேலைக்கு, புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் சென்சார் சிக்னலைக் கணினிக்கு எண்ணாக மாற்றித் தரும் ஒரு டேட்டா கார்டு (மாட்யூல் என்றும் சொல்வார்கள்) வாங்குகிறார்கள், அப்புறம் மடிக்கணினியில் சாஃப்ட்வேரைப் போடுகிறார்கள். திரையில் கலர் கலராகக் கோடு ஓடியதும் வேலை முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து, "சார், உலை 850ல இருக்கு, கம்ப்யூட்டர் 790 காட்டுது" என்று போன் வரும். அந்த அறுபது டிகிரி எங்கே போனது என்று அதற்குப் பிறகு தேடினால் இரண்டு நாள் ஓடிவிடும். அது கணினிக்குள் தொலைந்திருப்பது அபூர்வம். ஒயரில்தான் தொலைந்திருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு, உலோகப் பாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் உலையை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கத்துப் பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியதுதான். 900 டிகிரி செல்சியஸ் வரை போகும் உலையில் ஆறு கே வகை தெர்மோகப்பிள் (சூட்டுக்கேற்பச் சிறு வோல்ட்டேஜ் தரும் இரட்டைக் கம்பி சென்சார்), சூடான பாகங்களை முக்கிக் குளிர்விக்கும் குவெஞ்ச் ஆயில் தொட்டியில் ஒரு பிடி100 (சூட்டுக்கேற்ப ஓம் மாறும் சென்சார்), எரிவாயுக் குழாயில் அழுத்தத்துக்கேற்ப 4-20 மில்லிஆம்பியர் தரும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், பேனலில் மோட்பஸ் (கருவிகள் எண்களைப் பரிமாறும் மொழி) பேசும் எனர்ஜி மீட்டர். இந்த நான்கையும் கட்டத் தெரிந்தால் தொழிற்சாலையில் வரும் பெரும்பாலான அளவீடுகளைச் சமாளித்துவிடலாம்.

1. முதலில் ஒரு தாள், ஒரு பேனா

எதையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எதை அளக்கிறோம், எந்த வரம்புக்குள், எவ்வளவு வேகமாக மாறும், எத்தனை டிகிரி அல்லது எத்தனை பார் தப்பினால் வேலை கெடும்.

கடைசிக் கேள்விக்குத்தான் பலரிடம் பதில் இருக்காது. "ஆக்யுரேட்டா வேணும்" என்பார்கள். அதை எண்ணாக மாற்றாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். காரணம் இதுதான்: இரண்டாம் வகுப்பு கே தெர்மோகப்பிளுக்குச் சர்வதேசத் தரம் அனுமதிக்கும் பிழை 0.75 சதவீதம். 900 டிகிரியில் அது கூட்டியோ குறைத்தோ 6.75 டிகிரி. முதல் வகுப்பு என்றால் 0.4 சதவீதம், அதாவது 3.6 டிகிரி. வாடிக்கையாளர் ஐந்து டிகிரிக்குள் கேட்கிறார் என்றால், இரண்டாம் வகுப்பு சென்சாரை வாங்கிய நிமிடமே தோற்றுவிட்டீர்கள். பின்னால் எத்தனை பிட் கார்டு போட்டாலும் (பிட் கூடினால் கார்டு அளவை இன்னும் நுண்ணிய படிகளாகப் பிரிக்கும்) அது திரும்பாது.

அதே தாளில் இன்னொன்றையும் எழுதி அடிக்கோடு போடுங்கள்: இந்த அமைப்பு பதிவு செய்ய மட்டுமே. சூடு எல்லை மீறினால் பர்னரை அணைக்கும் வேலை தனி சென்சார், தனி ரிலேயோடு தனியாகவே இருக்க வேண்டும். கணினி ரீஸ்டார்ட் ஆகும், ஹேங் ஆகும். அதை நம்பிப் பாதுகாப்பை வைக்கக் கூடாது.

2. கையில் இருக்க வேண்டியவை

மில்லிவோல்ட்டும் மில்லிஆம்பியரும் காட்டும் நல்ல மல்டிமீட்டர். 4-20 மில்லிஆம்பியரும் தெர்மோகப்பிள் மில்லிவோல்ட்டும் கொடுக்கக்கூடிய லூப் கேலிப்ரேட்டர். இதைச் சொந்தமாக வாங்க விலை இடித்தால் இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள், ஆனால் இல்லாமல் தொடங்காதீர்கள். பிறகு ஒயர் நுனியில் மாட்டும் ஃபெருல், அதை அழுத்தும் கிரிம்பிங் கருவி, ஒயர் நம்பர் டேக், ஒரு சிறு காந்தம், ஒரு ஃபிளாஸ்க். காந்தமும் ஃபிளாஸ்கும் எதற்கு என்று பின்னால் வரும்.

உலை எப்போது நிற்கும் என்று புரொடக்‌ஷன் ஆட்களிடம் முன்பே கேட்டு வையுங்கள். ஓடும் உலையில் ஒயர் மாட்டுவது ஆபத்து. அதோடு, அவசரத்தில் மாட்டியது எப்போதும் மாறித்தான் இருக்கும்.

3. மாட்யூலைத் தேர்ந்தெடுப்பது: பிட்டுக்கு முன் ரேஞ்சைப் பாருங்கள்

புதியவர்கள் பிட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறார்கள். ரேஞ்சைப் பார்ப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டால் விளங்கும்.

கே வகை தெர்மோகப்பிள் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தரும். 900 டிகிரியில் மொத்தமே 37.3 மில்லிவோல்ட். இதை மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரை வாங்கும் 12 பிட் கார்டில் நேராகக் கொடுத்தால், 20 வோல்ட் 4096 படிகளாகப் பிரிகிறது. ஒரு படி 4.9 மில்லிவோல்ட். வெப்பநிலையில் சொன்னால் ஒரு படி ஏறத்தாழ 119 டிகிரி! 16 பிட் கார்டானாலும் ஒரு படி 7 டிகிரிக்கு மேல். அதே 16 பிட்டை மைனஸ் 80 முதல் பிளஸ் 80 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்தால் ஒரு படி 2.4 மைக்ரோவோல்ட், அதாவது டிகிரியில் நூறில் ஆறு பங்கு.

ஆகவே தெர்மோகப்பிளுக்கு தெர்மோகப்பிள் மாட்யூலையே வாங்குங்கள். பொதுவான வோல்ட்டேஜ் கார்டை வைத்து மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். முடிந்தால் சேனலுக்குச் சேனல் (ஒவ்வொரு சென்சார் உள்ளீடும் ஒரு சேனல்) ஐசோலேஷன், அதாவது மின்தொடர்பில்லாத பிரிப்பு, உள்ளதாகப் பாருங்கள். விலை கூடும், ஆனால் ஏழாம் படியில் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

கணினியோடு இணைக்க யுஎஸ்பியா ஈதர்நெட்டா என்று கேட்டால், பட்டறைத் தரையில் ஈதர்நெட்தான். யுஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டரோடு சரி. யாராவது காலால் இழுத்தால் கழன்றும் விடும். பக்கத்தில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடினால் சில நேரம் இணைப்பு தானாகவே அறுந்து போவதையும் பார்த்திருக்கிறேன்.

4. தெர்மோகப்பிள் ஒயரிங்

அதிகம் தவறுவது இங்கேதான். அதனால் இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள்.

தெர்மோகப்பிள் தலையிலிருந்து (உலைக்கு வெளியே அதன் கம்பிகள் கேபிளோடு சேரும் இடம்) மாட்யூல் வரை கே வகைக்கான எக்ஸ்டென்ஷன் கேபிளேதான் வர வேண்டும். கைக்குக் கிடைத்த செம்பு ஒயரைப் போடக் கூடாது. காரணம், தெர்மோகப்பிள் அளப்பது இரண்டு முனைகளுக்கு இடையேயான வெப்பநிலை வேறுபாட்டை. மாட்யூல் தன் டெர்மினலின் சூட்டை அளந்து அதனோடு கூட்டிக்கொள்கிறது. நடுவில் செம்பு வந்தால், தலைக்கும் பேனலுக்கும் இடையே உள்ள வேறுபாடு கணக்கிலிருந்து காணாமல் போகும். உலை வாசலில் தலை 80 டிகிரி, பேனல் 35 டிகிரி என்றால் காட்டும் அளவு ஏறத்தாழ 45 டிகிரி குறையும்.

அடுத்தது துருவம். சர்வதேச நிறக் குறியீட்டில் கே வகைக்குப் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்கக் குறியீட்டில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸ் என்று மாட்டுவது எலக்ட்ரீஷியனின் கைப்பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர்க் கடைகளில் இரண்டு கேபிளும் கிடைக்கும். சந்தேகம் வந்தால் காந்தத்தை எடுங்கள். கே வகையில் மைனஸ் கம்பி காந்தத்தில் ஒட்டும், பிளஸ் கம்பி ஒட்டாது.

ஒரு முனையில் மட்டும் துருவம் மாறினால் உடனே தெரிந்துவிடும், சூடு ஏற ஏற அளவு இறங்கும். பயங்கரமானது இரட்டை மாற்றம். யாரோ அளவு இறங்குவதைப் பார்க்கிறார். ஒரு முனையில் மாறியிருக்கும் தப்பைத் திருத்தாமல் மறுமுனையிலும் மாற்றி விடுகிறார். இப்போது சூடு ஏறினால் அளவும் ஏறும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கேபிள் தலைகீழாக இருப்பதால் தலைக்கும் பேனலுக்கும் உள்ள வேறுபாட்டின் இரண்டு மடங்கு தப்பு உட்கார்ந்துவிடும். மேலே சொன்ன எண்களில் 90 டிகிரி. தொடக்கத்தில் சொன்ன போன் அழைப்பு இப்படித்தான் வந்தது. அங்கே தலை 65, பேனல் 35. காணாமல் போனது அறுபது.

மாட்யூலை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 24 வோல்ட் பவர் சப்ளையை அதை ஒட்டி மாட்டாதீர்கள், குளிர்விசிறிக் காற்றும் டெர்மினல் மேல் நேராக அடிக்கக் கூடாது. டெர்மினலின் ஒரு ஓரம் மட்டும் சூடானால், மாட்யூல் கூட்டிக்கொள்ளும் டெர்மினல் சூடு தப்பாகிவிடும்.

ஒயர் அறுந்தால் அளவை உச்சத்துக்குத் தள்ளும் வசதி மாட்யூலில் இருக்கும். அதை இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அறுந்த சேனல் பக்கத்துச் சேனலின் அளவைப் போலவே நம்பும்படி ஏதோ ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும்.

5. பிடி100

இதில் குழப்பம் குறைவு. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். டிகிரிக்கு 0.385 ஓம்தான் என்பதால் கேபிளில் ஒரு ஓம் கூடினாலே 2.6 டிகிரி தப்பும். அதனால்தான் மூன்று ஒயர். மூன்றும் ஒரே தடிமன், ஒரே நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மாட்யூல் அப்படி நினைத்துக்கொண்டுதான் கேபிளின் ஓமைக் கழிக்கிறது. ஒரே நிறமாக உள்ள இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓரிரு ஓமும், மற்றதோடு 110 ஓம் அளவிலும் காட்டினால் சரி.

6. 4-20 மில்லிஆம்பியர் லூப்

இரண்டு ஒயர் டிரான்ஸ்மிட்டர் தானாக மின்னோட்டம் தராது. 24 வோல்ட் சப்ளை, டிரான்ஸ்மிட்டர், மாட்யூல் மூன்றும் ஒரே வளையமாகத் தொடராக இருக்க வேண்டும். சப்ளை பிளஸ்ஸிலிருந்து டிரான்ஸ்மிட்டர் பிளஸ், டிரான்ஸ்மிட்டர் மைனஸிலிருந்து மாட்யூல் உள்ளீடு, மாட்யூல் காமனிலிருந்து சப்ளை மைனஸ்.

டிரான்ஸ்மிட்டரைத் தவிர்த்து 24 வோல்ட்டை நேராக 250 ஓம் உள்ளீட்டில் கொடுத்தால் 96 மில்லிஆம்பியர் பாயும். அந்தச் சின்ன ரெசிஸ்டர் 2.3 வாட் தாங்க வேண்டிவரும், தாங்காது. எனவே முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது லூப்பில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து, 4க்கும் 20க்கும் இடையில் இருப்பதைப் பார்த்த பிறகே மாட்யூலை இணையுங்கள்.

இன்னொரு தப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஏற்கெனவே டிஸ்ப்ளே ஒன்றும் கன்ட்ரோலர் ஒன்றும் இருக்கும் லூப்பில் உங்கள் மாட்யூலையும் தொடராகச் சேர்க்கிறீர்கள். ஒவ்வொன்றும் 250 ஓம் என்றால் மொத்தம் 750. 20 மில்லிஆம்பியரில் 15 வோல்ட் அதற்கே போய்விடும், டிரான்ஸ்மிட்டருக்கு 9 வோல்ட்தான் மிஞ்சும். பல டிரான்ஸ்மிட்டர்களுக்கு அது போதாது. அழுத்தம் குறைவாக இருக்கும்போது அளவு சரியாக இருக்கும், மேலே போகும்போது ஓரிடத்தில் முட்டி நிற்கும். அப்படி நின்றால் சென்சாரைச் சந்தேகிப்பதற்கு முன் சுமை ஓமைக் கூட்டிப் பாருங்கள்.

வெளியே ரெசிஸ்டர் போட்டு 1-5 வோல்ட்டாக மாற்றுவதாக இருந்தால், 0.1 சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர் வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 சதவீத ரெசிஸ்டரைப் போட்டால் அந்த 5 சதவீதம் அப்படியே அளவில் வந்து நிற்கும்.

கணக்கு எளிது: மில்லிஆம்பியரிலிருந்து 4ஐக் கழித்து, 16ஆல் வகுத்து, ரேஞ்சால் பெருக்குங்கள். 0 முதல் 6 பார் டிரான்ஸ்மிட்டர் 12 மில்லிஆம்பியர் தந்தால் 3 பார். 3.6க்குக் கீழே போனாலோ 21க்கு மேலே போனாலோ அது அழுத்தம் அல்ல, கோளாறு. மென்பொருளில் அப்படியே பதிவாக வேண்டும்.

7. எர்த், ஷீல்டு, கேபிள் பாதை

அளவு நடுங்குகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இங்கே இருக்கும்.

ஷீல்டை (கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றியுள்ள உலோகப் போர்வையை) ஒரே ஒரு முனையில், பேனல் பக்கத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள். உலை எர்த்தும் பேனல் எர்த்தும் பெயருக்கு ஒன்றுதான், நடுவில் சில வோல்ட் வேறுபாடு இருக்கும். இரண்டு முனையிலும் கட்டினால் ஷீல்டு வழியாக மின்னோட்டம் ஓடத் தொடங்கும், தடுக்க வைத்ததே தொல்லை கொடுக்கும்.

தெர்மோகப்பிளிலும் இதே கதை உண்டு. முனை உறையோடு ஒட்டவைக்கப்பட்ட வகையானால் அது உலை உடம்போடு மின்தொடர்பில் இருக்கிறது. ஐசோலேஷன் இல்லாத மாட்யூலில் அப்படிப்பட்ட ஆறையும் இணைத்தால் ஆறும் ஒன்றையொன்று கெடுக்கும். முனை உறையைத் தொடாத வகை என்றால் எதிர்ப் பிரச்சினை: சிக்னல் எங்கும் எர்த்தைத் தொடாமல் மிதக்கிறது, டிஃபரன்ஷியல் உள்ளீட்டில் (இரண்டு ஒயருக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அளப்பது) அளவு மெதுவாக நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது மைனஸ் டெர்மினலிலிருந்து மாட்யூலின் கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் சரியாகும். சில மாட்யூல்களில் உள்ளேயே இருக்கும், கையேட்டைப் பாருங்கள்.

சிக்னல் கேபிளை மோட்டார் கேபிள் ட்ரேயில் போடாதீர்கள், விஎஃப்டி அவுட்புட் கேபிளோடு சேர்த்து ஓட்டவே கூடாது. குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

என் பழக்கம் ஒன்று: ஒரு காலிச் சேனலை டெர்மினலிலேயே ஷார்ட் செய்து, அதையும் எப்போதும் பதிவில் வைப்பேன். அது டெர்மினல் சூட்டைக் காட்டிக்கொண்டு அமைதியாக இருக்க வேண்டும். அதுவும் ஆடினால் கோளாறு மாட்யூலில் அல்லது சப்ளையில். மற்றவை மட்டும் ஆடினால் வெளிக் கேபிளில். தேடும் இடம் பாதியாகிவிடும்.

8. வினாடிக்கு எத்தனை முறை

உறைக்குள் இருக்கும் தெர்மோகப்பிள் மாற்றத்தை உணரவே பல வினாடிகள் எடுக்கும். வினாடிக்கு ஒரு முறை பதிந்தால் தாராளம். வினாடிக்கு ஆயிரம் முறை பதிந்தால் கிடைப்பது கூடுதல் தகவல் அல்ல, கூடுதல் இரைச்சல். பேரிங் அதிர்வு வேறு கதை. அங்கே கிலோஹெர்ட்ஸ் கணக்கில் மாதிரி எடுக்க வேண்டும், அதற்கான மாட்யூலும் வேறு.

ஆனால் மெதுவாகப் பதிவதிலும் ஒரு பொறி உண்டு. பயிற்சிக்கு வந்த ஒருவர் வினாடிக்குப் பத்து முறை பதிந்து, உலையில் பத்து வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலையைக் கண்டார். பர்னர் தடுமாறுகிறது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடப் போனார். பர்னரில் ஒன்றுமில்லை. கேபிளில் ஏறிய மின்தொகுப்பு இரைச்சல் அப்போது 49.9 ஹெர்ட்ஸில் இருந்தது. வினாடிக்குப் பத்து மாதிரி எடுத்தால் அது 0.1 ஹெர்ட்ஸ் அலையாக வேஷம் போட்டு வரும். பதிவான பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

தீர்வு மாட்யூல் அமைப்பிலேயே இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ரிஜெக்‌ஷனைத் தேர்ந்தெடுங்கள். சில கருவிகள் 60 ஹெர்ட்ஸில் வைத்து வரும், மாற்ற மறந்துவிடுவோம். 100 மில்லிவினாடி சராசரி எடுத்தால் 50க்கும் 60க்கும் முழுச் சுற்றுகளாக அமைவதால் இரண்டும் அடங்கும்.

9. எனர்ஜி மீட்டர்: மோட்பஸ்

மோட்பஸ் ஓடும் ஆர்எஸ்-485 கேபிளை (இரண்டு ஒயர் தகவல் இணைப்பு) ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக ஓட்டுங்கள். நட்சத்திரம் போலக் கிளை பிரிக்காதீர்கள். இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு ஒயருக்கும் இடையே அளந்தால் 60 ஓமை ஒட்டி வர வேண்டும். 120 வந்தால் ஒன்று விடுபட்டிருக்கிறது, 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்று போட்டிருக்கிறார்.

பதிலே வரவில்லை என்றால் ஏ, பி ஒயர்களை மாற்றிப் பாருங்கள். இந்தப் பெயர்களை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே பொருளில் போடுவதில்லை. பிறகு வேகம், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்), முகவரி இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

பதில் வருகிறது, எண் மட்டும் தப்பு என்றால் இரண்டு காரணங்கள். கையேட்டில் 40001 என்று இருக்கும் ரெஜிஸ்டர் (மீட்டரில் ஓர் எண் இருக்கும் இடம்) கம்பியில் 0ஆம் முகவரி. ஒன்று தள்ளி வாசிக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டாவது, 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களாக வரும்போது முன்னும் பின்னும் மாறியிருக்கும். 230 வோல்ட்டை அப்படி மாற்றி வாசித்தால் பூஜ்யத்தை ஒட்டிய எண் வரும். மீட்டரின் முகப்பில் தெரியும் வோல்ட்டேஜோடு ஒப்பிட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும், அதனால் முதலில் வோல்ட்டேஜ் ரெஜிஸ்டரையே வாசியுங்கள்.

10. இப்போதுதான் கணினி

மென்பொருள் எதுவானாலும் சரி. தயாரிப்பாளர் தருவதோ, லேப்வியூ போன்ற அளவீட்டு மென்பொருளோ, பைத்தானில் நீங்களே எழுதியதோ. பதிவில் இவை இருக்கட்டும்: ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் நேரம், மாற்றிய அளவு, அதோடு மாற்றாத மூல மில்லிஆம்பியர் அல்லது மில்லிவோல்ட். ரேஞ்சைத் தப்பாகப் போட்டது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தாலும், மூல எண் இருந்தால் திருத்திவிடலாம்.

அளவு வராதபோது 0 என்று எழுதாதீர்கள், காலியாக விடுங்கள். 0 டிகிரி என்பது ஓர் அளவு. அது சராசரிக்குள் நுழைந்து கெடுக்கும்.

நாளுக்கு ஒரு கோப்பு. வினாடிக்கு ஒரு வரி என்றால் நாளுக்கு 86,400 வரிகள். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிகள்தான் திறக்கும், பன்னிரண்டு நாளில் நிரம்பிவிடும். ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் டிஸ்கில் எழுதச் சொல்லுங்கள், மின்தடையில் கடைசி வரிதான் போகும். நெட்வொர்க் டிரைவில் நேராக எழுத வேண்டாம். உள் டிஸ்கில் எழுதி, பிறகு நகல் எடுங்கள்.

விண்டோஸில் ஸ்லீப்பை அணையுங்கள், அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும்படி பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) மாற்றுங்கள், மென்பொருளும் தானே தொடங்கட்டும். ஒரு சிறு யுபிஎஸ் கட்டாயம்.

11. சரிபார்ப்பு

ஒவ்வொரு சேனலையும் அது இணைந்த அன்றே கேலிப்ரேட்டரால் பார்த்திருக்க வேண்டும். இப்போது முழுப் பாதையையும் பார்க்கிறோம். டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தில் ஒயரைக் கழற்றி, கேலிப்ரேட்டரில் 4, 8, 12, 16, 20 கொடுத்து, பதிவான கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். திரையைப் பார்த்தால் போதாது, திரையும் கோப்பும் வேறு வேறு எண் சொன்ன நாளும் உண்டு.

தெர்மோகப்பிளுக்கு ஃபிளாஸ்கில் பனிக்கட்டி. நன்றாக நொறுக்கிய பனிக்கட்டியால் நிரப்பி, இடைவெளி நிறையும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, கலக்கி, நடுவில் முனையை வையுங்கள். தண்ணீரில் நாலு கட்டி மிதக்கவிட்டால் அடியில் 4 டிகிரி வரை இருக்கும், அதை 0 என்று எடுத்துக்கொள்வீர்கள். கொதிநீரிலும் பார்க்கலாம், ஆனால் 100 என்று எதிர்பார்க்க வேண்டாம். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே 98.6ஐ ஒட்டித்தான் கொதிக்கும். 100 காட்டினால் ஒன்றரை டிகிரி தப்பு என்று பொருள்.

தலைக்கும் பேனலுக்கும் சூடு ஒன்றாக இருக்கும் குளிர்ந்த உலையில் இரட்டை மாற்றம் தெரியவே தெரியாது. அதனால் தலையை ஹாட் ஏர் கன்னால் மிதமாகச் சூடாக்குங்கள், முனை பனியிலேயே இருக்கட்டும். அளவு நகரக் கூடாது. கீழே இறங்கினால் கேபிள் தலைகீழாகவோ செம்பாகவோ இருக்கிறது.

எல்லாம் சரியென்றால் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். இடையில் ஒரு முறை மெயின் ஸ்விட்சை வேண்டுமென்றே அணைத்துப் போடுங்கள். மறுநாள் காலையில் கோப்பைத் திறந்து வரிகளை எண்ணுங்கள். 86,400க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கணினி நின்றிருந்த நேரத்தோடு ஒத்துப்போனால், ஒயரிங் படத்தையும் சரிபார்த்த எண்களையும் அச்சடித்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுக் கிளம்பலாம்.